திருப்பிச் செருகிய சீட்டு

— ஒரு நிமிஷம் நிறுத்துங்கக்கா. சீட்டை ரெண்டு தடவை எடுத்தீங்க.

— ரெண்டு தடவையா? நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டனைத் திருகிட்டு இருந்தே. எங்க பாத்தே?

— பாக்கல, கேட்டேன். கட்டுலேர்ந்து சீட்டு வர்ற சத்தம் வேற, திரும்ப உள்ள போற சத்தம் வேற. ஆறு வருஷமா ஹெட்போன்ல கேக்குறேன். பலன் சொல்ல எடுத்த படச் சீட்டை நீங்க ஒரு வாரம்கூடத் திருப்பி வெச்சதில்ல.

— உனக்குப் பாம்புக் காதுப்பா! ரெக்கார்டிங்ல சத்தம் விழக்கூடாதுன்னு வளையலைக் கழட்டி வெச்சு, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊத்த உக்காந்திருக்கேன். இதுல சீட்டுக்கு வேற விசாரணையா?

— ஞாயித்துக்கிழமை காலைல ரேடியோவைப் போட்டதும் ஜனங்க மொதல்ல கேக்குறது என்னக்கா? 'வந்த சீட்டைத்தான் படிப்பேன், பிடிச்ச சீட்டை இல்ல.' நீங்க சொல்றதுதான்.

— என்னமோ போ. ஃபேனைப் போடு முதல்ல.

— போட்டாச்சு. முதல்ல வந்த சீட்டு எது?

— பாலத்துல நிக்குறவ. நடுப் பாலத்துல நின்னுட்டு, வந்த வழியைத் திரும்பிப் பாக்குறா.

— நல்ல சீட்டாச்சே! போன வருஷம் அது வந்தப்போ என்ன அழகாச் சொன்னீங்க! 'எப்பவோ நீங்க எடுத்த பழைய முடிவை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. திட்டப் போகாதீங்க, நலம் விசாரிக்கப் போங்க'ன்னு. எடிட் பண்றப்போ மூணு தடவை போட்டுக் கேட்டேன். ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டுக் கேட்டேன்னு லெட்டரே போட்டார்.

— ஊருக்கெல்லாம் சொன்னேன். நான் போய்ப் பாக்கலையேப்பா.

— எதை?

— முந்தாநாள் பஸ்ல, என்கூட ஆஸ்பத்திரியில வேலை பாத்தவளைப் பாத்தேன். நான் நர்ஸா இருந்தேன்னு உனக்குத் தெரியாதுல்ல?

— ம்.

— அவ இப்போ தலைமை நர்ஸ். என் கையைப் பிடிச்சுட்டு, 'அன்னைக்கு நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்த நாற்காலி உன்னோடதுடி'ன்னா. பாவம், பாசத்துலதான் சொன்னா. ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கல. இந்த வாரத்தோட நிகழ்ச்சியை முடிச்சுக்கலாம்னு இருக்கேன் தம்பி. தனக்கு வந்த சீட்டைப் பாக்கப் பயப்படுறவ அடுத்தவங்களுக்கு என்னத்தைப் படிக்கிறது?

— முடிக்கிறதா? இருங்க, இருங்க. மைக்கை அணைச்சுட்டேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு?

— பதினாலு வருஷம் ஆச்சு. வயித்து வலின்னு ஒருத்தர் வந்தார். அவசர ஆபரேஷன். ஒரு மருந்து அவருக்குச் சேராது. அதை அவரோட கேஸ் தாள்ல எழுதி, சிவப்பு மையில அடிக்கோடு போட்டு வெச்சேன். டாக்டர் அதைப் பாக்கவே இல்ல, அதே மருந்தைப் போட்டார். மனுஷன் மேஜையிலேயே போயிட்டார்.

— ம்.

— மறுநாள் அந்தத் தாளைக் காணோம். புதுசா ஒண்ணை நீட்டினாங்க. 'சேராத மருந்து பத்திக் குடும்பத்தார் எதுவும் சொல்லவில்லை'ன்னு அதுல இருந்துச்சு. கீழ நான் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.

— நீங்க போடல.

— போடல. விசாரணைல உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு வந்தேன். பெரிய வீராங்கனைன்னு நெனைச்சுக்காதே, கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. வேலை போச்சு. வேற ஆஸ்பத்திரியும் எடுக்கல. வீட்டுக்காரர் ஒரு மாசம் முகம் குடுத்துப் பேசல. மிச்சம் இருந்தது பொழுதுபோக்குக்கு வாங்கின இந்தச் சீட்டுக்கட்டுதான். சரி, அந்த டாக்டருக்கு என்ன ஆச்சு? வேற ஊருக்கு மாத்தினாங்க. செத்தவர் எழுந்து வந்தாரா? அப்ப நான் சொன்னதுல யாருக்கு என்ன பிரயோஜனம்? அதைத் திரும்பிப் பாக்கத்தான் பயமா இருக்கு.

— அக்கா, உங்களை நெனைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. நடுங்கிக்கிட்டேயாவது போய்ச் சொன்னீங்க. எனக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல ஆறு வருஷமா வாய் வரல.

— என்ன, காதலா? உன் பொண்டாட்டி காதுல விழுந்தா தொலைஞ்சே.

— விளையாடாதீங்கக்கா.

— பின்ன என்ன? நல்ல சினிமா ஸ்டுடியோவை விட்டுட்டு, பாதிச் சம்பளத்துக்கு இந்த ஓட்டை ரூமுக்கு வந்தவன் நீ. உன் பாராட்டை நம்பலாமா?

— உங்க குரலை ரேடியோவுல கேட்டுட்டுத்தான் வந்தேன். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— ஐஸ் வைக்காதேன்னு நானும் அத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— அவர்கூட ஆஸ்பத்திரிக்கு யாரு வந்திருந்தா?

— ஒரு மகன். இருபது வயசு இருக்கும். முகம் ஞாபகம் இல்ல. கைல ஒரு ஹெல்மெட், அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னான். அது மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

— மருந்து சேராதுன்னு உங்ககிட்ட சொன்னது அவன்தானே?

— அவன்தான்.

— அப்ப அந்தப் புதுத் தாள் யார் தலையில பழியைப் போட்டிருக்கும்? வீட்ல அம்மா, சித்தப்பா, எல்லாரும் 'ஏண்டா சொல்லல, ஏண்டா சொல்லல'ன்னு பிடுங்கி எடுத்திருப்பாங்க. சொன்னேன் சொன்னேன்னு அழுது, கடைசில அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும், நிஜமாவே சொன்னோமான்னு. விசாரணை அன்னைக்கு அவனையும் அம்மாவையும் கதவுக்கு வெளிய நிறுத்தியிருப்பாங்க. அப்போ உள்ளேர்ந்து ஒரு பொம்பளைக் குரல். முகம் தெரியாது. நடுங்குது. 'அந்தப் பையன் சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். ரெண்டாவது தடவை என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னான்.' அம்மா அவன் தலையை இழுத்து நெஞ்சோட சேத்துக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரிதான் அவன் தூங்கினான். யாருக்குப் பிரயோஜனம்னா கேக்குறீங்க?

— தம்பி.

— சொல்லுங்கக்கா.

— கையைப் பிடிச்சதை நான் இப்ப சொல்லவே இல்லையே. அன்னைக்கு விசாரணைல சொன்னதோட சரி. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

— பாலத்துச் சீட்டை எடுத்து மேல வையுங்க. ஃபேனை நிறுத்துறேன்.

— சீட்டு கிடக்கட்டும். நீ யாருப்பா?

— அந்த ஹெல்மெட் என்னோடது இல்லக்கா. அப்பாவை ஏத்திட்டு வர பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வண்டி கேட்டேன், கூடவே அதையும் கைல குடுத்து அனுப்பினார்.