இடது முன் சக்கரம்

“எங்க பெரியப்பா ஒண்ணு சொல்லுவார் பாய்... பழைய வண்டி வாங்கறவன் முதல்ல என்னமோ ஒண்ணைப் பாக்கணும்னு. எதைன்னுதான் மறந்துபோச்சு! ஞாபகம் இருந்திருந்தா இந்த வெயில்ல உங்க கேரேஜ்ல ஆயில் டின் மேல உக்காந்துண்டிருப்பேனா? வீல் பேலன்சிங் பண்ணியாச்சு. அலைன்மெண்ட் பண்ணியாச்சு, அதுவும் ரெண்டு கடைல. ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் சீட்டு குடுத்தா. பச்சைப் பச்சையா டிக் மார்க்! சீட்டு பிரமாதமா ஓடறது பாய். வண்டிதான் ஓட மாட்டேங்கறது.”

கிட்டு பேசியது நஜிமுதீனிடம். ஆனால் தாராவியின் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. ரிடையரான பிறகு கேட்க ஆபீஸ் ஆளில்லாமல் போன பேச்செல்லாம் இப்போது திலக் நகர் வீட்டிலிருந்து கிளம்பி இந்த மாதிரி இடங்களுக்கு வந்துவிடுகிறது. நஜிமுதீன் டீயை உறிஞ்சிக்கொண்டே காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.  கிட்டுவுக்குப் பதில் தேவையாகவும் இல்லை.

“அம்பதுல போனா சாது, கேட்டேளா. அறுபதைத் தொட்டா ஆரம்பிக்கும் பாருங்கோ... ஸ்டியரிங்குக்கு ஜன்னி! முழங்கை வரைக்கும் ஆடறது. எண்பதுக்குப் போனா அடங்கிடறது. ‘அப்போ எண்பதுலயே போங்கோ அங்கிள்’ங்கறான் அந்த டயர் கடைக்காரன். என்ன மூளை! இந்த ஊர் டிராஃபிக்ல எண்பதுல போக ஜாகா எங்க இருக்கு? ஏர்போர்ட் ரன்வேலயா? அப்பறம் டயர் மாத்துன்னான். மாத்தினேன். இப்போ புது டயர் ஆடறது. பழசு ஆடினப்போ மனசுக்கு இவ்வளவு வலிக்கலை பாய்.

“எல்லாத்துக்கும் காரணம் ரோடு! வேற என்ன? ரோடா போட்டிருக்கான், அரிசி உப்புமா மாதிரி... என்ன? ஜாக்கி போடறேளா? போடுங்கோ போடுங்கோ. நீங்க ஒருத்தர்தான் குனிஞ்சு அடியில பாக்கறேள். மத்தவாளெல்லாம் வண்டியைப் பாக்கறதே இல்லை, மானிட்டரைத்தான் பாக்கறா.

“இதோ பாருங்கோ, எனக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும். ஞாயித்துக்கிழமை புனேல பொண்ணாத்துல கிரகப்பிரவேசம். வந்தனா புது ஃபிளாட் வாங்கியிருக்கா. நான் கார்லதான் வருவேன்னு சொல்லிட்டேன். சொன்னது நான். ஆனா எங்காத்துக்காரி என்ன சொல்லிட்டா தெரியுமோ? போன வாரம் ஹைவேல ஃபிளாஸ்க்லேர்ந்து காபி விட்டா. டம்ளர் ஒரு பக்கம், காபி ஒரு பக்கம். பட்டுப்புடவை! ‘உங்க வண்டில உக்காந்தா எனக்குத் தெரிஞ்ச ஸ்லோகமெல்லாம் உதிர்ந்துபோறது. நான் சந்திரமௌலி கார்ல வரேன்’னுட்டா. சந்திரமௌலி கார்ல! எங்க ஃபிளாட் சோசைட்டிலயே இருக்கான், வந்தனா அவனையும் கூப்பிட்டிருக்கா. நான் இங்க ஸ்டியரிங்கைக் கட்டிண்டு அழறேன், சுப்புலக்ஷ்மி அவன் ஏ.சி.ல ஜம்முன்னு புனே போவாளாம்! நான் தனியாப் போய் இறங்கினா சம்பந்தி என்ன கேப்பார்? ‘மாமி எங்கே’ம்பார். பின்னாடி வரா, எதிராளியோடன்னு சொல்லட்டுமா?”

நஜிமுதீன் வலது முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தூண் மாதிரி நின்றது. ஜாக்கியை இடது பக்கம் மாற்றினார். அங்கே ஆட்டினார். கடக். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார். கடக், கடக்.

“அதான்! அந்த சத்தம்தான்! பள்ளத்துல இறங்கினா இதேதான் கேக்கும். என்ன சொல்றேள்... பால் ஜாயிண்டா? சக்கரத்தைப் பிடிச்சுண்டிருக்கறதே அதுதானா? ரப்பர் கிழிஞ்சு கிரீஸெல்லாம் வெளியில வந்துடுத்து பாருங்கோ, சிவ சிவா. ஸ்டியரிங்கை சக்கரத்தோட சேக்கற டை ராடு எண்டும் போயாச்சா? இடது பக்கம் மட்டும் ஏன் போகணும்? ரோடு ரெண்டு சக்கரத்துக்கும் ஒண்ணுதானே? இந்த ரோட்டுக்கு என் இடது சக்கரத்தோட என்ன விரோதம்?

“என்ன? எங்கே நிறுத்தறேனா? சோசைட்டி காம்பவுண்டுலதான். வேற எங்க, கோயில்லயா? நல்ல கேள்வி கேட்டேள், அதைச் சொல்றேன் கேளுங்கோ. எனக்கும் சந்திரமௌலிக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். நடுவுல மஞ்சக்கோடு. என் இடது பக்கம் வேப்பமரம், அதைச் சுத்தி அரையடி ஒசரத்துக்கு சிமெண்ட் மேடை. இவன் ஆனை மாதிரி ஒரு வண்டியை வாங்கிண்டு வந்து, என் கதவுல கீறல் போட்டுட்டு, ‘கோட்டுக்குள்ளதானே இருக்கேன்’னான். கோடா? என்கிட்டயா கோடு பேசறே? முப்பது வருஷம் ரூல் புக்கோட குடித்தனம் பண்ணினவன் நான். சோசைட்டி ரூலை எடுத்துப் பாத்தேன். ‘சக்கரங்கள் கோட்டுக்குள் இருக்க வேண்டும்’. அவ்வளவுதான்! டிக்கியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது!

“போறாதா எனக்கு? அன்னிலேர்ந்து உள்ள வரும்போதே ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசா ஒடிச்சு, ஆக்ஸிலேட்டர்ல ஒரு மிதி... முன் சக்கரம் மேடைமேல கடக்குனு ஏறிடும். மூக்கு மரத்துப் பக்கம் போயிடும், டிக்கி மட்டும் அவன் பக்கம் எட்டிப் பாக்கும். சக்கரம் நாலும் என் கோட்டுக்குள்ள! அவன் வண்டியை உள்ள கொண்டுவர பத்து தடவை முன்ன பின்ன ஆட்டணும். சென்சார் வேற ஊ ஊன்னு அழும். நான் பால்கனிலேர்ந்து பாத்துண்டிருப்பேன். காலம்பற இறக்கும்போதும் கடக்குனு ஒரு... ஒரு...”

கிட்டு நிறுத்தினார். நஜிமுதீன் சக்கரத்தில் வைத்த கையை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தேவையே இல்லாமல், இன்னொரு முறை ஆட்டிக் காட்டினார்.

“அப்படிப் பாக்காதீங்கோ பாய். இத்துனூண்டு மேடை! இரும்புன்னா இப்படியா தொட்டாச்சுருங்கியா இருக்கும்?... ராத்திரி பூரா அந்த ஒரு ஜாயிண்ட் மேலயா பாரம்? ஒடிச்சபடி நிக்கறதா? ம்... சரி, புதுசு போட்டா எத்தனை நாள் வரும்? ஓ. வருஷக்கணக்கா. மேடை ஏறினா? ...நாலஞ்சு மாசத்துல, ஹோலிக்குள்ள, இங்கேயே திரும்பி வந்துடுவேனா! நல்ல வாய் உமக்கு.

“மாத்துங்கோ, மாத்துங்கோ. ரெண்டு பக்கமும் மாத்திடுங்கோ. ஹலோ... ஹலோ சுப்பு? கேளு, வண்டி சரியாயிடுத்து. ரோடுதான். ரோடுதான் காரணம்னு பாயே சொல்லிட்டார். நீ அந்த மௌலிகிட்ட வரலைன்னு சொல்லிடு. என்னது, முதல்ல டம்ளர்ல தண்ணி வெச்சு ஓட்டிக் காட்டணுமா? காட்டறேன். சாயங்காலம் காட்டறேன். வை.”

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நஜிமுதீன் ஸ்பேனரோடு காருக்கு அடியில் போய்விட்டார். வெளியே தெரிந்தது செருப்பு மட்டும்தான். கிட்டு செருப்பிடம் குனிந்தார்.

“பாய்... இந்தப் பால் ஜாயிண்ட், டை ராடு இதெல்லாம்... பின் சக்கரத்துக்குக் கிடையாதோல்லியோ? இல்லை, சும்மாதான் கேட்டேன். ஒரு பொது அறிவுக்கு.”

ஞாயிற்றுக்கிழமை சுப்புலக்ஷ்மி முன் சீட்டில் உட்கார்ந்து புனே போனாள். அறுபதில் காபி சிந்தவில்லை. திரும்பி வந்ததும் கிட்டு அவளை வாசல் கேட் அருகே இறக்கிவிட்டார். வண்டியை ரிவர்ஸில் உள்ளே கொண்டுபோய், மூக்கு சந்திரமௌலி பக்கம் எட்டிப் பார்க்க, பின் சக்கரத்தை மேடைமேல் ஏற்றி நிறுத்தினார்.