உப்புப் படாத கத்தி

எங்கள் ஊரில் இரும்பு பீரோ வாங்குவது வீண் செலவு, இன்ஸ்பெக்டர் சார். மரக்காணத்து உப்புக் காற்று அதை அரித்துத் தின்றுவிடும். என் மனைவி சைத்தூன் பீவி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த பீரோவின் அடித்தட்டு ஓட்டையாகி, எலி போய்வர வசதியாக இருந்தது. அதனால்தான் என் கத்திகளுக்குத் தேக்கில் கண்ணாடி வைத்த அலமாரி செய்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள். உடம்பும் மனசும் ஓய்ந்துபோயிருக்கிறேன், இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை.

முதலில் சகாயராஜை விட்டுவிடுங்கள். என் உப்பளத்தில் எஞ்சின் ஓட்டுகிறவன் அவன். அன்று மதகைத் திறந்தது அவன்தான், ஆனால் தினமும் திறப்பதைத்தான் திறந்தான். என் மருமகன் தவுசீப் செத்ததற்கு அவன் காரணமில்லை. அவன் மனைவி அமுதவல்லி நேற்றிலிருந்து என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழக்கூட இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

நான் தோஹாவில் ஒரு ஓட்டல் கிச்சனில் காய்கறி, இறைச்சி நறுக்கும் வேலையில் இருந்தவன். கத்திமேல் பிரியம் அங்கேதான் தொற்றிக்கொண்டது. மற்றவர்கள் லீவுக்கு வரும்போது தங்கம் கொண்டுவந்தார்கள், நான் கத்தி கொண்டுவந்தேன். மஸ்கட் கத்தி ஒன்று, மலப்புறத்துக் கத்தி ஒன்று, குடகுக் கத்தி இரண்டு. "இந்த மனுஷனுக்குக் கத்திதான் மொதல் தாரம், நான் ரெண்டாம் தாரம்" என்று சைத்தூன் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் நேபாளத்துக் குக்ரி மட்டும் எனக்கு வாய்க்கவே இல்லை. கடையில் கிடைப்பதெல்லாம் டூரிஸ்டுகளுக்காகச் செய்தது. பளபளவென்று இருக்கும், ஒரு தேங்காய் உரிக்கத் தாங்காது.

தவுசீப் என் மகள் ஃபாயிசாவின் புருஷன். அவனும் தோஹாவில்தான் வேலை. அவனோடு ரூமில் இருந்த கர்ண பகதூர் என்ற நேபாளியின் மாமன் கொல்லராம். என் ஆசையை மனதில் வைத்துக்கொண்டு, அவர் கையாலேயே எனக்கு ஒன்று அடிக்கச் சொல்லியிருக்கிறான். போன வாரம் லீவுக்கு வந்தவன், பெட்டியைத் திறந்ததும் ஃபாயிசாவுக்கு வாங்கிவந்த துணிக்குக்கூட முன்னால் அதைத்தான் எடுத்து என் மடியில் வைத்தான்.

அடேயப்பா, அதை எப்படிச் சொல்வது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. முதுகில் சுத்தியல் பட்ட தழும்புகளைத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். எருமைக் கொம்புப் பிடி, என் உள்ளங்கைக்கு அளவெடுத்தது போலிருந்தது. வயிறு பெருத்து முன்பக்கம் வளைந்த அலகு. பிடிக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. உறையின் பின்பக்கம் செருகினாற்போல இரண்டு குட்டிக் கத்திகள். ஒன்று கூரானது, மற்றது தீட்டுவதற்கான மொக்கை. பெரியதும் சின்னதும் ஒரே பட்டையில் வெட்டி எடுத்தவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைப் பெற்ற அத்தா செத்தபோதுகூட எனக்கு அப்படி வரவில்லை.

"இதுல அவங்க ஊர்ல கீரை நறுக்குவாங்களாம் மாமா, விறகு வெட்டுவாங்களாம். நீங்களும் சும்மா பூட்டி வெக்காதீங்க" என்றான் தவுசீப்.

"நீ பேசாம இரு மாப்ளே" என்றேன்.

உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது என்று உங்கள் ஏட்டு வெளியே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் சுத்தப் பேத்தல், சார். அவரிடம் சொல்லுங்கள்.

அதை விட்டுப் பிரிய எனக்கு மனசு வரவில்லை. அன்று காலை தவுசீப்போடு உப்பளத்துக்குப் போகும்போதும் எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வெயிலில் அலகைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுதான் நான் செய்த தவறு. உப்பளத்துக்கு யாரும் நல்ல இரும்பு கொண்டுபோக மாட்டார்கள். பாத்தியில் உப்பு வாருவது மரப்பலகையால்தான், மதகும் மரம்தான். குவித்த உப்புக் கும்பியை மூடும் பனையோலையைக் கழிக்க ஒரு துருப்பிடித்த அரிவாள் உண்டு, அதுவும் தூரத்தில் கொட்டகையில் கிடக்கும். எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம் இது. தெரிந்தும் கொண்டுபோனேன்.

வேலையாட்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சகாயராஜ் டீசல் வாங்கப் போயிருந்தான். வாய்க்காலிலிருந்து மதகு வழியாக எஞ்சின் குழிக்குத் தண்ணீர் வரும், அங்கிருந்து எஞ்சின் பாத்திக்கு இறைக்கும். குழாய் வாயில் கட்டியிருந்த நைலான் வலை அடைத்துக்கொண்டது என்று தவுசீப் குழிக்குள் இறங்கினான். "வேணாம், சகாயராஜ் வரட்டும்" என்று சொன்னேன். சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடுப்பளவு தண்ணீர்தான். பழைய வலையும் கயிறுமாக அடியில் கிடந்ததில் அவன் கால் மாட்டிக்கொண்டது. கடல் ஏறும் நேரம். மதகுப் பலகையைத் திரும்ப இறக்கப் பார்த்தேன், தண்ணீர் வேகத்தில் ஒற்றை ஆளால் முடியவில்லை. அவன் முதலில் சிரித்தான். "மாமா, அந்தக் கத்திய இப்படிக் குடுங்க, அறுத்துக்கறேன்" என்றான்.

அது சாதாரணத் தண்ணீர் இல்லை, சார். கடலைவிட உப்பு. கத்தி ஒரு தடவை முங்கினால் உப்பு கொம்புப் பிடிக்குள் இறங்கிவிடும், பிறகு எத்தனை எண்ணெய் போட்டாலும் உள்ளுக்குள்ளே அரிக்கும். அதை அவனிடம் விளக்கினேன். குரல் உயர்த்தாமல்தான் விளக்கினேன்.

தண்ணீர் மார்புக்கு வந்தது. "பெருசு வேணாம் மாமா, சின்னதைக் குடுங்க போதும்" என்றான். அவனுக்குப் புரியவில்லை. மூன்றும் ஒரே பட்டை. சின்னது சேற்றில் விழுந்தால் எங்கே போய்த் தேடுவது? "இரு மாப்ளே, அரிவாள் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பின்னாலிருந்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, நேரம் வீணாகும் என்பதால்.

ஓடினீர்களா என்று கேட்கிறீர்கள். கையில் கத்தியோடு வரப்பில் ஓடுவது ஆபத்து. நடந்தேன்.

கொட்டகையில் பார்த்தால், அவன் துள்ளியதில் அலகில் நாலைந்து துளி தெறித்திருந்தது. அப்படியே வைத்துவிட்டு வர முடியுமா? துடைத்தேன், உறையைத் துடைத்தேன், துணியில் சுற்றி மேல் பரணில் வைத்தேன். பிறகுதான் அரிவாளைத் தேடினேன். ஓலைக்கு அடியில் கிடந்தது.

நான் திரும்பியபோது குழியில் சத்தம் இல்லை. இறங்கி வலையை அறுத்தேன். ஒரே இழுப்பு. அந்த வேலைக்கு அந்த அரிவாளே போதும் என்று நான் நினைத்தது சரிதான்.

ஆட்கள் கூடியதும், நான் கொட்டகையில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லத் திட்டம் போடவில்லை. களைப்பாக இருந்தது, அத்தனையும் விளக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. அதை வைத்து நீங்கள் சகாயராஜைப் பிடிப்பீர்கள் என்று தெரியாது.

இன்று காலை ஃபாயிசா என் அறைக்கு வந்தாள். குக்ரியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு இத துணியில சுத்தி எடுத்துட்டுப் போனீங்களே அத்தா. உங்க கையிலதான இருந்துச்சு?"

"இருந்துச்சும்மா."

"அவர் கேட்டாரா?"

"கேட்டான்."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். தவுசீப்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. என் ஆசையைத் தெரிந்துகொண்ட ஒரே பிள்ளை அவன். கொடுக்கக்கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. குழி விளிம்பில் குந்தி, உறையிலிருந்து உருவி, நீட்டக்கூடச் செய்தேன். அவனும் எட்டிக் கையை நீட்டினான். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் துடைத்துவிட்டு நீட்டியிருந்தால் கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன், சார்.