மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த வண்டி

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார்கள், மேடம். எதற்கு உதைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்புறம் பெயின்டைத் தடவுவார்கள், ஏசியைப் போடுவார்கள், பாட்டு பாடுகிறதா என்று பார்ப்பார்கள். கியர் பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆளை உட்கார வைக்கிற செலவு அங்கேதான் இருக்கிறது. இராமநாதபுரத்தில் தேவிபட்டினம் ரோட்டுப் பட்டறைக்காரன் செல்லச்சாமி சொன்னால் அதில் பிழை இருக்காது. கியர் பெட்டி என்றால் ஊரே என்னிடம்தான் வரும்.

விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். கத்திப் பேசுவது என் வழக்கம் இல்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே மகள், யுவராணி. பரமக்குடியில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை காளீஸ்வரன் நல்ல பிள்ளை. அதைக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குடி இல்லை, சீட்டு இல்லை. கைத்தறிச் சேலைகளை எடுத்துக்கொண்டு போய்க் கடைகளுக்குப் போடுகிற வியாபாரம். தொண்டி, திருவாடானை, தேவகோட்டை என்று சுற்றுவார். கார் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அவருடைய அம்மாவும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். கல்யாண மண்டபத்து வாசலில் மாலை போட்டு வண்டியை நிறுத்தியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

வண்டி பழையதுதான், ஆனால் பார்க்கப் பளபளவென்று இருந்தது. மதுரையில் ஒரு புரோக்கரிடம் தேடித் தேடி எடுத்தேன். நல்ல வண்டிகள் நிறையக் காட்டினார். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து வேண்டாம் என்றேன். கடைசியில் ஒன்று, இரண்டாம் கியருக்குத் தள்ளினால் நறநறவென்று பல்லைக் கடித்தது.

"அண்ணே, இது கியர் பாக்ஸ் போன வண்டி. தெரிஞ்ச ஆளுகளுக்கு இதைக் குடுக்க மாட்டேன்" என்றார் புரோக்கர். பாவம், நேர்மையான மனுஷன்.

"இதான்யா எனக்கு வேணும்" என்று முன்பணத்தைக் கையில் திணித்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் பெற்றவன் நினைத்தபோதெல்லாம் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மகளும் சும்மா வந்துவிட முடியாது. ஆடிக்கு அழைக்கலாம், தீபாவளிக்கு அழைக்கலாம். மற்ற நாளில் வந்தால் "என்னடி, சண்டையா?" என்று தெருவே விசாரிக்கும். எனக்கோ அவள் முகத்தைப் பார்க்காமல் சோறு இறங்காது. "அய்யா, கையைக் கழுவுங்க, மணி என்ன ஆச்சு?" என்று பட்டறைக்கே வந்து அதட்டுவாள். ஒருமுறை அவள் சித்தி வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் தங்கிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் மனுஷன் இருப்பானா? கல்யாணம் என்றால் வாழ்நாள் பூராவும் அப்படித்தானே?

கியர் பெட்டிக்கு ஆடி, தீபாவளி கிடையாது, மேடம். அது எந்த நாளிலும் கெடும். கெட்டால் என் பட்டறைக்குத்தான் வந்தாக வேண்டும். மாமனார் மெக்கானிக்காக இருக்கும்போது மாப்பிள்ளை வேறு ஆளிடம் வண்டியை விட்டால் அதைவிட அவமரியாதை எங்கள் சனத்தில் இல்லை. வண்டியோடு மகளும் வருவாள். அவளை விட்டுவிட்டு வந்தால் என் வீட்டுக்காரி நாகலெட்சுமி மாப்பிள்ளையைக் கேள்வி கேட்டே குடைந்துவிடுவாள்.

கல்யாணத்தன்று சத்தம் கேட்கக் கூடாதே என்று கியர் ஆயிலில் கொஞ்சம் மரத்தூள் கலந்தேன். கெட்ட வண்டியை விற்கிறவர்களின் பழைய வித்தை. தூள் பல்லுக்குள் புகுந்து கொஞ்ச நாளைக்குச் சத்தத்தை அமுக்கிவிடும். மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்களும் கலைந்த பிறகு போன் வந்தது.

"மாமா, ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது."

"பதறாதீக மாப்ள. மெல்ல ஓட்டிக்கிட்டு வாங்க. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன். அன்றைக்கு நாட்டுக்கோழி அடித்தோம்.

இரண்டாம் கியரைச் சத்தமில்லாமல் கோர்த்துவிடுவது ஒரு பித்தளை வளையம். தேய்ந்துபோனால் புதிது போட வேண்டும். நான் கழற்றுவேன், துடைப்பேன், அதையே திருப்பி மாட்டி, புது ஆயிலும் புதுத் தூளும் ஊற்றி அனுப்புவேன். அதற்கு முன்னால், "சாமான் மதுரையிலருந்து வரணும் மாப்ள. நீங்க பஸ்ல போங்க, பிள்ளை இங்கன இருக்கட்டும்" என்பேன். அந்தச் சாமான் மதுரையிலிருந்து வருவதற்கு நான் ஆசைப்படுகிற நாள் ஆகும்.

கூலி வேண்டாம் என்றால் மாப்பிள்ளை கேட்க மாட்டார். ரோஷக்காரர். "உறவு வேற, தொழில் வேற மாமா" என்று நோட்டுகளை என் சட்டைப்பையில் வைத்துவிடுவார். வளையம், பேரிங், ஆயில், கூலி என்று நானும் நியாயமான விலைதான் சொன்னேன். வெளியில் கேட்டுப் பாருங்கள், கூடத்தான் சொல்வார்கள். அதில் ஒரு காசு நான் தின்னவில்லை. அத்தனையும் யுவராணிக்குத் தோடாகவும் வளையலாகவும் வாங்கிப் போட்டுவிட்டேன். புருஷன் சம்பாத்தியம் பெண்டாட்டிக்குத்தானே போய்ச் சேர வேண்டும்? கொஞ்சம் சுற்றிப் போனது, அவ்வளவுதான்.

சம்பந்தியம்மா வெள்ளை மனசு. வண்டிக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்று உப்பூர் பிள்ளையாரிடம் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கூடவே நானும் போனேன். பிள்ளையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டுமே. பெற்றவர்களை விட்டு எங்கேயும் போகாமல் அவர்களையே சுற்றி வந்து பழம் வாங்கினவர்தானே அவர். என் கஷ்டம் அவருக்குப் புரியாமலா போகும்?

நாகலெட்சுமிக்குத்தான் மூக்கில் வியர்த்தது. பழைய வளையத்தை நான் திரும்ப மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறீகளா?" என்றாள். தொட்டிலை ஆட்டுகிறவனுக்கும் கை வலிக்கும் என்று யாருக்காவது தோன்றியதா? சாப்பாடு போடச் சொன்னேன்.

தொண்டியில் தாஜுன்னிசா என்றொரு அம்மா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். ரம்ஜானுக்கு மாப்பிள்ளையிடம் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார்கள். சரக்கு கொடுக்க வேண்டிய அன்றைக்கு வண்டி என் பட்டறையில் கிடந்தது.

"மாமா, இன்னைக்குச் சரக்கு போகாட்டி அந்தக் கடை எனக்கு இல்லைன்னு ஆயிரும்" என்று கெஞ்சினார்.

கியர் பெட்டியைத் திரும்ப மாட்டிக் கொடுக்க எனக்கு ஒரு மத்தியானப் பொழுது போதும். "சாமான் வரலையே மாப்ள" என்றேன். யுவராணிக்குச் சளி பிடித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் இருந்து கஷாயம் குடித்துவிட்டுப் போனால் தேவலை என்று பட்டது. வாடகை வண்டி பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். கையில் இருந்ததைத்தான் போன தடவை ரிப்பேருக்கு என்னிடம் கொடுத்துவிட்டாரே. தாஜுன்னிசா அம்மா வேறு ஆளிடம் சரக்கு எடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு மற்றக் கடைக்காரர்களும் நழுவினார்கள். தறிக்காரர்களுக்கு மாப்பிள்ளை சொன்ன வாக்குத் தவறியது.

அப்போதுதான் அவர் முதல்முதலாக வாயை விட்டார். "ஒங்க அய்யா ஓட்டை வண்டியை என் தலையில கட்டிட்டாரு" என்றாராம். அந்த ஒரு சொல்லுக்காக யுவராணி பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதற்காகப் புருஷனை விட்டுவிட்டு வந்த பிள்ளை, மேடம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அவள் ஒன்றும் தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சளி இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். காரை வரதட்சணையாகக் கேட்டு வாங்கினார்கள், இன்னும் கேட்டுக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று எழுத வைத்தேன்.

"அவுக கேக்கவே இல்லையே அய்யா" என்றாள்.

"நீ கையெழுத்தை மட்டும் போடுத்தா. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றேன். போட்டாள். நான் சொல்லி அவள் எதைத்தான் தட்டியிருக்கிறாள்? அந்தத் தாளுக்காக மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் உள்ளே போக நேர்ந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நேர்ந்திருக்கலாம். கொஞ்ச நாள்தானே என்று நானும் நினைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. உறவு முறிந்துவிட்டால் மரியாதையும் முறிந்துவிடும். மிச்சமிருந்த ஒன்றிரண்டு கடைகளுக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை தனியாகப் போனபோது, தொண்டிக்கு முன்னால் வண்டி நின்றது. இனி அவர் எதற்கு என்னிடம் வரவேண்டும்? தொண்டி காஜா நவாஸ் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். காஜா நவாஸ் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குத்தான் முதலில் போன் போட்டார்.

"அண்ணே, உள்ளாற ஆயில் இல்ல, கேப்பைக் கூழுல்ல இருக்கு. புதுசு போட்டதாச் சொன்ன ரிங்கு வரிசையாப் பொட்டு வச்சுக்கிட்டு நிக்கிது. பொண்ணு பாக்க வாராகளா?"

கழற்றின சாமான்கள் இடம் மாறிப்போகாமல் இருக்க நான் நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைப்பது வழக்கம். தடவைக்கு ஒரு பொட்டு. யுவராணி வீட்டில் விட்டுப்போன சிவப்பு நகப்பாலிஷ்தான். சும்மா கிடந்து காய்ந்து போவானேன் என்று எடுத்துக்கொண்டேன்.

காஜா நவாஸ் கழற்றிக் கொடுத்த அந்த வளையத்தைத்தான் மாப்பிள்ளை சற்று முன் உங்கள் மேசையில் வைத்தார். யுவராணி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, கவனித்தீர்களா? அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அய்யா, வான்னு ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே" என்றாள்.

கூப்பிட்டால் வருவாள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அப்புறம் அவள் என்னைப் பார்க்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள். "இனிமே எங்க வண்டியில கை வைக்காதீக" என்றாள். எங்க வண்டி என்றாளே, அதைக் கவனித்தீர்களா? இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பிவிட்டார்கள். காஜா நவாஸ் நிஜமாகவே புது வளையம் போட்டு, பெட்டியைக் கழுவி, நல்ல ஆயில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். சுத்தமான வேலை. இன்னும் பல வருஷம் ஓடும்.

மகள் குடும்பத்தில் தலையிட மாட்டேன், வண்டியைத் தொட மாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். நல்லது, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒப்புக்கொள்வது என்று வந்த பிறகு முழுசாக ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் உங்கள் முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர் குடிக்க வெளியே போனேன். வெயிலுக்கு வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள், கையை உள்ளே விட்டு பானெட்டைத் திறக்கிற லீவரை இழுத்தேன். கியர் கேபிள் முனை கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கிளிப் இருக்கும். பானெட்டைத் தூக்கினால் கைக்கு எட்டும், ஸ்பேனர்கூட வேண்டாம். அதைக் கழற்றிவிட்டேன், இதோ, என் பையில் இருக்கிறது. ஆபத்து ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு கேபிள் கழன்று கியர் கம்பு தொளதொளவென்று ஆடும், வண்டி எந்தக் கியருக்கும் மாறாது. என் கணக்குப்படி, பரமக்குடி போகிற வழியில் சத்திரக்குடி பக்கத்தில். அங்கிருந்து தொண்டி ரொம்ப தூரம், நான்தான் கிட்ட. நாகலெட்சுமியிடம் இரண்டு ஆளுக்குச் சேர்த்து உலை வைக்கச் சொல்லிவிட்டேன்.

போன் போட்டிருந்தால் வந்திருப்பேன் என்றாள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கு நான் போட்டால் எடுக்க மாட்டாள், மேடம். வண்டி நின்றால் அவளே கூப்பிடுவாள்.