கிளாக்கரின் பன்னிரண்டாவது படம்

நல்லரத்தினம்: முப்பது ரூபா, கபூர் காக்கா. ஒரு சதமும் குறையாது.

கபூர்: ஒரு பூனைப் படத்துக்கா? நான் பிடிச்ச படத்துக்கெல்லாம் எதிர்க் கடையில இருந்து கண்ணாடிச் சட்டம் போட்டவன், எனக்கே விலை சொல்லுறாய்!

நல்லரத்தினம்: உங்களுக்கு முன்னால மாப்பிள்ளை அசையாம நிப்பான். கிளாக்கர் எனக்கு நிக்குமா?

கபூர்: அது எண்ட பூனை.

நல்லரத்தினம்: திண்ட மீன் எண்ட காசு.

கபூர்: கமறாவும் எண்ட.

நல்லரத்தினம்: அமத்தின விரல் எண்ட.

கபூர்: பதினைஞ்சு தாறன்.

றஸீனா: மாசாமாசம் இதே கூத்து. பதினைஞ்சுல தொடங்கி முப்பதுலதான் முடியும். தேத்தண்ணியக் குடி தம்பி. இந்த மனிசன் விடியச் சேவ் எடுத்து, புதுச் சாரன் உடுத்தி, வாசப் படலையப் பாத்த கண்ணோட நிண்டவர்...

கபூர்: நீ உள்ளுக்குப் போ. யாவாரத்தக் கெடுக்காத.

நல்லரத்தினம்: பொறுங்க ராத்தா. சேவ் எடுத்தது எனக்கா, பூனைக்கா?

கபூர்: பூனைக்கு. உனக்கு எவன் எடுப்பான்? வழியில கரைச்சலா?

நல்லரத்தினம்: கல்லடிப் பாலத்தில ஆமிக்காரன் மறிச்சி, படத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தான். ஆரு எண்டான். கிளாக்கர் எண்டன். எந்தக் கந்தோர்ல வேலை எண்டு கேக்கான்!

கபூர்: சொல்லியிரிக்கலாமே... ரசீதுப் புத்தகத்தில ஏறிக் குந்தினா எழும்பாது, சம்பளமும் மீன்தான் எண்டு.

நல்லரத்தினம்: அவன்ட கையில துவக்கு, காக்கா. உங்கட பகிடிய உங்களோட வெச்சிக்கங்க.

கபூர்: சரி, கடையச் சொல்லு. பூட்டித்து வந்து வருசம் ஒண்டாச்சி. ஸ்டூடியோப் பேர்ப் போட் இரிக்கா?

நல்லரத்தினம்: இரிக்கி. துடைச்சி வெச்சிரிக்கன்.

கபூர்: போன மாரிக்குக் கூரை ஒழுகல்லையா?

நல்லரத்தினம்: ஒரு சொட்டு... ஒழுகல்ல.

கபூர்: கிளாக்கர்?

நல்லரத்தினம்: கொழுத்துப் போச்சி. இறால் இல்லாட்டித் தொடாது. பின்னேரத்தில உங்கட கதவடியில பொயித்துக் குந்தும். நீங்க வாறீங்களாம் எண்டு.

கபூர்: அந்த நேரம் வாவிக் காத்து வருமே, கதவடிக்கு.

நல்லரத்தினம்: வரும்.

கபூர்: இஞ்சயும் அதே வாவிதான். ஆனா... றஸீனாட சீதன வீட்டு முன் அறையில பெட்சீட்டத் தொங்க விட்டு, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கன். ஆக்கள் வாறாங்க, போறாங்க. எதிர்ப் பக்கத்தில இருந்து "காக்கா, தேத்தண்ணி குடிப்பமா" எண்டு கேக்க ஒருத்தன் இல்ல.

நல்லரத்தினம்: கேட்டவன் அங்க ரெண்டு பிளேன்டியையும் தானே குடிக்கான்.

கபூர்: அடுத்த மாசம் எப்ப வாறாய்?

நல்லரத்தினம்: பாப்பம்...

கபூர்: என்ன பாப்பம்? பதினொரு மாசமும் "வாறன்" எண்டு சொன்ன வாய்.

நல்லரத்தினம்: பாதை ஒரு மாதிரி, காக்கா. கிளாக்கருக்கும் வயசு பொயித்து... இனிப் படத்துக்கு நிக்குமோ தெரியா.

கபூர்: றஸீனா, அந்த பிஸ்கட் தகரப் பேணியக் கொண்டா.

றஸீனா: இந்தா. பதினொரு படமும் இரிக்கி. படுக்கைக்குப் போக முன்ன எண்ணாத நாளில்ல.

கபூர்: இதோட பன்னிரண்டு. ஒரு றோலுக்குப் பன்னிரண்டு படம். நான் வரக்குள்ள கமறாவில புது றோல் போட்டு உண்ட கையில தந்தன். சரியா?

நல்லரத்தினம்: ஓம்...

கபூர்: பூனை குந்தியிரிக்கிற நாற்காலிக் கையில ஒரு காஞ்ச இலை கிடக்கு, பாத்தியா? பன்னிரண்டு படத்திலயும் அதே இலை, அதே இடம். வருசம் முழுக்கக் காத்தே அடிக்கல்லையா? இன்னும் பாரு. பூனைட நிழல், வயித்துக்கு நேர் கீழ. உச்சி வெயில். பதினெட்டு வருசம் எண்ட கடைக்குள்ள பல்ப்பு வெளிச்சம் தவிர வேற வெளிச்சம் வந்ததா?

நல்லரத்தினம்: காக்கா...

கபூர்: பூனை விசயத்தில நல்லாப் புளுகினாய். கூரை விசயத்தில நீ பொய் சொல்லல்ல தம்பி. ஒழுகுறதுக்குக் கூரை வேணுமே.

நல்லரத்தினம்: எப்ப கண்ட நீங்க?

கபூர்: முதல் படத்தில கூரைய. ரெண்டாம் படத்தில இலைய.

நல்லரத்தினம்: அப்ப பத்து மாசமா என்னத்துக்கு என்னோட மல்லுக்கட்டி விலை பேசின?

கபூர்: இலையச் சொல்லியிருந்தா மூணாம் மாசம் நீ பாலம் தாண்டியிருப்பியா?

நல்லரத்தினம்: ...நீங்க வந்து ஒரு கிழமையில உங்கட கடைக்கு மேல ஷெல் விழுந்த. உள்ள போனா, நாற்காலி மட்டும் நிக்கிது. கிளாக்கர் அதில குந்தியிரிக்கி, கடை திறக்கட்டும் எண்ட மாதிரி. உங்களுக்குக் காட்டத்தான் றோல முடிச்சன். மூணாம் நாள் மீன் கொண்டு போறன்... நாற்காலிக்குக் கீழ படுத்திரிந்த. எழும்பல்ல.

றஸீனா: அல்லாஹ்...

கபூர்: ஆர் தாட்டது?

நல்லரத்தினம்: நான்தான். வாவிக்கரையில குழி தோண்டி. உங்கட ஸ்டூடியோக் கறுப்புத் துணியில சுத்தி.

கபூர்: ...அது நல்ல துணி.

நல்லரத்தினம்: தெரியும், காக்கா.

கபூர்: றஸீனா, அலுமாரியில ஒரு புது றோல் இரிக்கி. எடுத்துக் குடு. இந்தா நல்லரத்தினம், இதப் போட்டுக்க.

நல்லரத்தினம்: பூனை இல்லையே. என்னத்தப் பிடிக்க?

கபூர்: நாற்காலியப் பிடி. மாசத்துக்கு ஒண்டு. ஒரே நாளில முடிச்சிராத.

நல்லரத்தினம்: அப்ப, முப்பது ரூபா.

கபூர்: வெறும் நாற்காலிக்கா? டேய், பூனைக்கே பதினைஞ்சு கூட!

நல்லரத்தினம்: இதுவரைக்கும் பதினொரு முப்பது, முந்நூத்தி முப்பது. எனக்கெண்டு ஒரு சதம் தொடல்ல. ரெண்டு கூரைத் தகரம் வாங்கி எண்ட கடையில சாத்தி வெச்சிரிக்கன். உங்கட கூரைக்கு இருபது வேணும். பதினெட்டுப் பாக்கி, காக்கா.