கடந்த இரண்டு வருடங்களில்

ஆய்வாளர்: …ஆக, சலூன்காரரோட பல்லு ரெண்ட உடைச்சே.

மெக்கானிக்: ஆமாக்கா.

ஆய்வாளர்: போன தடவையும் ரெண்டு.

மெக்கானிக்: அது மேல் வரிசை.

ஆய்வாளர்: அதுக்கு முந்தி மூணு. அவரு வாயில மொத்தம் எத்தனைதான்டா இருந்துச்சு?

மெக்கானிக்: நல்லா வளர்ந்த மனுஷன்க்கா.

மனைவி: டீ எடுத்துக்குங்கக்கா. ஏங்க, இந்த தடவை மூக்குன்னுல்ல பேசி வச்சோம்?

மெக்கானிக்: நீ உள்ள போ.

ஆய்வாளர்: பேசி வச்சீங்களா?

மனைவி: இவருக்கு மறதிக்கா. யாரு, எந்த வருஷம், எந்த எடத்துல அடி… எல்லாம் நான்தான் நோட்டுல எழுதி வைக்கிறேன். மாத்திச் சொல்லிட்டா உங்களுக்குத்தானே கஷ்டம்.

மெக்கானிக்: போச்சு.

ஆய்வாளர்: தம்பி… இது முப்பத்திரண்டு வருஷ ஆராய்ச்சி. சின்ன வயசுல திருடி மாட்டின முந்நூறு பசங்க, பெரியவங்களானதும் மறுபடி தப்புப் பண்றாங்களா, எப்போ விடுறாங்கன்னு…

மெக்கானிக்: எனக்கே சொல்றீங்களா? முதல் ஆளே நான்தானேக்கா. சீர்திருத்தப் பள்ளி வராண்டா, பச்சை பெஞ்சு. எனக்குப் பதினாலு வயசு. உங்களுக்குக் கை நடுங்கிச்சு.

ஆய்வாளர்: டேப் ரெக்கார்டர் கனம்டா.

மெக்கானிக்: பயம். நாடா வேற சிக்கிக்கிச்சு. நான்தான் பென்சில விட்டுச் சுத்திக் குடுத்தேன்.

ஆய்வாளர்: பென்சிலத் திருப்பித் தரல நீ.

மெக்கானிக்: அதையும் எழுதினீங்களா?

ஆய்வாளர்: ‘திருட்டு, ஒன்று.’

மனைவி: எங்க கல்யாணம் ஆன புதுசுல வந்தீங்களே… எங்கம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போதே, “வீட்டுல கத்தி வச்சிருக்கியா”ன்னு கேட்டீங்க.

மெக்கானிக்: அத்தை எழுந்து போய் வெங்காயம் நறுக்குற கத்தியக் கழுவிக் கொண்டுவந்து காட்டினாங்க.

ஆய்வாளர்: கழுவித் துடைச்சும் காட்டினாங்க… சரி, பேச்ச மாத்தாத. இது கடைசி ரவுண்டு. மாசக் கடைசில எனக்கு ரிட்டயர்மெண்ட்.

மெக்கானிக்: அப்புறம் யாரு வருவா?

ஆய்வாளர்: யாரும் வரமாட்டாங்க.

மெக்கானிக்: …அப்போ ஒண்ணு சொல்லணும்க்கா. போன மாசம் பெரிய குத்தம் ஒண்ணு பண்ணிட்டேன். ரொம்பப் பெருசு. கேட்டு முடிக்கவே இன்னும் ரெண்டு தடவை வரணும்.

மனைவி: அது நோட்டுல இல்லியே.

ஆய்வாளர்: டேய். ஏன்டா இப்படி?

மெக்கானிக்: நம்ம சப்பை இருந்தானே, என்கூட உள்ள இருந்தவன். அவன் திருந்தினான். என்ன பண்ணீங்க?

ஆய்வாளர்: நாலு வருஷம் சுத்தமா இருந்தா நேர்ல போகக் கூடாது, தபால்தான். அது விதி.

மெக்கானிக்: ஒரு ஃபாரம் வரும், டிக் போட்டுத் திருப்பி அனுப்பணும். திருந்தினவனுக்கு அவ்ளோதான் மரியாதை. அதப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன்.

ஆய்வாளர்: என்னன்னு?

மெக்கானிக்: நான் திருந்தலன்னு.

மனைவி: நீங்க வரப்போறீங்கன்னா ஒரு வாரம் தூங்கமாட்டாருக்கா. யார அடிக்கலாம், யார அடிக்கலாம்னு.

ஆய்வாளர்: உண்மைல கடைசியா என்ன பண்ணினே?

மெக்கானிக்: இருபத்தஞ்சு வயசுல ஒரு சைக்கிள் பெல்.

ஆய்வாளர்: சைக்கிள்?

மெக்கானிக்: இல்ல, பெல் மட்டும். அதுக்கப்புறம் தையல் மெஷின் ரிப்பேர்தான். ஊசி கூட எடுத்ததில்ல… அக்கா, “போன ரெண்டு வருஷம் எப்படிப் போச்சு”ன்னு கேட்டு, சொல்றத எழுதிக்கிட்டது என் வாழ்க்கைல நீங்க ஒருத்தர்தான்.

மனைவி: அப்போ நான்?

மெக்கானிக்: நீ கேட்டிருக்க. எழுதினதில்லியே.

மனைவி: நோட்டு யாரு எழுதினா?

மெக்கானிக்: …இப்போ என்னக்கா போடப் போறீங்க?

ஆய்வாளர்: பூஜ்யம். வழக்கம்போல.

மெக்கானிக்: வழக்கம்போலவா?

ஆய்வாளர்: ஸ்டேஷன்ல கேக்காம எழுதுவேனா? உன் பேர்ல ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது. சலூன்காரரப் போய்ப் பாத்தேன். ஈன்னு சிரிச்சு எல்லாப் பல்லையும் காட்டினாரு. உன்ன மாதிரி சாது இந்தத் தெருவுலயே இல்லையாம்.

மெக்கானிக்: துரோகி. பேசி வச்சிருந்தேன் அவருகிட்ட.

ஆய்வாளர்: தெரியும். நீ சொல்லிக்குடுத்த மாதிரிதான் முதல்ல அழுதாரு.

மெக்கானிக்: இருங்கக்கா… பூஜ்யம் போட்டுட்டே வந்தீங்கன்னா, விதிப்படி என்னையும் எப்பவோ தபாலுக்கு மாத்தியிருக்கணுமே?

ஆய்வாளர்: மாத்தியாச்சுடா, உன் முப்பத்திரண்டாவது வயசுலயே. என் கைல இருக்கறது தபால் ஃபாரம்தான், இதோட எட்டாவது. எங்க ஆபீஸ் வாசல்லயே தபால் பெட்டி இருக்கு… இங்க வர ஆறு மணி நேரம் பஸ்.