நார்மல் நாலு

— இந்த ஃபிலிமைக் கொஞ்சம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, பால்காரரே. நாலாவது கோடு.

— கருப்பா இருக்கு மேடம்.

— கருப்பா இருக்குன்னு எனக்கும் கண்ணு தெரியுது. ஏன் இருக்கு? முதல் எட்டுக் கோடும் நார்மல் ரத்தம். நம்ம ஆபீஸ் ஆளுங்க கொடுத்தது. ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து ஃபைல் தள்ளுறவங்க. ஒன்பதுல இருந்துதான் உலையில வேலை பார்க்கிறவங்க. உடம்பு சூட்டுல வெந்தா ஏறுற புரோட்டீன் இது. அவங்களுக்குத்தானே ஏறியிருக்கணும்?

— ஏறியிருக்கே மேடம். ஒன்பது, பத்து, பதினொண்ணு, எல்லாம் நல்லாவே விழுந்திருக்கு.

— விழுந்திருக்கு. ஆனா எட்டு மணி நேரம் உலை வாசல்ல நிக்கிறவனைவிட நம்ம நார்மல் நாலு கருப்பா இருக்காரே, அது எப்படி?

— டியூப் மாறியிருக்கும் மேடம். நான்தான் மாத்தி ஊத்தியிருப்பேன்.

— என்ன, இவ்வளவு லேசா சொல்றீங்க?

— அதுக்கென்ன மேடம். தப்புன்னா தப்புதான்.

— இருபத்திரண்டு வருஷமா இந்த மேசையில நிக்கிறீங்க. ஒரு டியூப் மாத்தினது கிடையாது. நான் சேர்ந்த புதுசுல மாத்தி வெச்சதைக்கூட நீங்கதான் கண்டுபிடிச்சு, டைரக்டர் காதுக்குப் போகாம சரி பண்ணீங்க.

— வயசாகுதில்ல மேடம்.

— வயசு கிடக்கட்டும். இந்தப் புரோட்டீனைத் தேடிப் போய் ஒட்டுற ஆன்டிபாடி எப்படி? பழைய பாட்டிலா?

— புதுசு. நேத்துதான் உடைச்சேன். அது கெட்டிருந்தா எல்லாக் கோடும் சேர்ந்து கெட்டிருக்கும். ஒண்ணை மட்டும் தேடிப்பிடிச்சுக் கருக்காது.

— பால்?

— கட்டி தட்டாம கலக்கினேன். ஒரு மணி நேரம் ஊறினது. வெத்து இடத்தையெல்லாம் பால் மூடிக்கிச்சு, ஆன்டிபாடி கண்ட இடத்துல போய் ஒட்டல. பின்னாடி பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு.

— அது சரி, அதுக்காகத்தானே உங்களுக்குப் பால்காரர்னு பேரு வெச்சோம். அளவு? நாலுல கூடக் கொஞ்சம் ஊத்திட்டீங்களோ?

— கீழ இன்னொரு வரிசை இருக்கில்ல மேடம், எல்லார் உடம்புலயும் ஒரே மாதிரி இருக்கிற புரோட்டீன். அதைப் பாருங்க. பதினாறும் கூடப் பொறந்ததுங்க மாதிரி சமமா நிக்குது.

— நிக்குது. அதான் தலைவலி. பால்காரரே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நேத்து நீங்க போனப்புறம் நானே தனியா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்.

— அதுக்கென்ன மேடம்.

— அதுலயும் நாலு கருப்பு.

— அப்ப முதல்லயே மாத்தியிருக்கேன். ரத்தத்தைப் பிரிச்சு வெக்கிறப்பவே. பேப்பர் கொடுங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்.

— போட்டா என்ன ஆகும், தெரியுமா? ஒரு டியூப் மாறியிருந்தா எல்லாமே மாறியிருக்கலாம்னு மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்வாங்க. உலைக்காரங்க ஷிஃப்டைக் குறைங்கன்னு கேட்டு, இந்த ரிப்போர்ட்டைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க. மறுபடி கையை நீட்டுங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்பேன்? உங்களை ஸ்டோருக்குத் தள்ளிடுவாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் கண்ணாடிக் குடுவையைத் துடைச்சுக்கிட்டு உட்காரணும்.

— உட்காரலாம் மேடம்.

— உட்காரலாமா? என்ன ஆச்சு உங்களுக்கு?

— ஒண்ணும் ஆகல.

— தூங்குறீங்களா?

— தூங்குறேன். சாப்பிடறேன். பஸ்ஸு நேரத்துக்கு வர்றேன்.

— பொண்ணு? ஹாஸ்டல்ல நல்லா இருக்காளா?

— பேசறதில்ல மேடம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

— யாரு, உங்க பொண்ணா? தினம் மத்தியானம் போன் போட்டு, சாப்பிட்டியாப்பான்னு உங்களை மிரட்டுவாளே! என்ன சண்டை?

— சண்டை இல்ல. நான் கல்லாம். மனுஷனாப் பொறந்தவன் இதுக்குக்கூடவா அழாம இருப்பான்னு கேட்டா. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. தினம் போன் அடிக்கிறேன், மணி போகுது, எடுக்க மாட்டேங்குறா.

— எதுக்கு அழணுமாம்?

— அது வீட்டு விஷயம் மேடம்.

— சரி, கேக்கல. வீட்டுல அண்ணிக்கு உடம்பு எப்படி இருக்கு? ஆறு மாசமா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுக்கிட்டு இருந்தீங்களே.

— இப்ப வலி ஒண்ணும் இல்ல மேடம்.

— அப்பாடா. இன்னைக்கு அது ஒண்ணாவது நல்ல சேதி. சரி, இப்படியே பேசிக்கிட்டு இருந்தா ஆகாது. கவரைப் பிரிச்சிடறேன்.

— எந்தக் கவர்?

— எந்தக் கவரா? நார்மல் எட்டுப் பேரு யார் யாருன்னு கிளார்க் எழுதி ஒட்டி வெச்சாரே, அது. சோதனை பண்ற நமக்கு ஆளு தெரியக் கூடாதுன்னுதான் ஒட்டினது. ஆனா ஒரு ரத்தத்து மேல சந்தேகம் வந்தா நான் பிரிக்கலாம், விதி இருக்கு. நாலாம் ஆளைக் கூப்பிட்டு, அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சலான்னு ஒரு கேள்வி. முடிஞ்சுது.

— வேண்டாம் மேடம்.

— ஏன்?

— எழுதித் தர்றேன்னு சொல்றேன்ல. ஸ்டோருக்கே போறேன். கவரைப் பிரிக்காதீங்க.

— என்ன அண்ணே இது? எதைச் சொன்னாலும் அதுக்கென்ன, அதுக்கென்னம்பீங்க. இதுக்கு மட்டும் குறுக்க நிக்கிறீங்க. யாரையாவது காப்பாத்துறீங்களா?

— யாரையும் இல்ல.

— அப்ப கத்தரிக்கோலை விடுங்க. விடுங்கன்னா.

— பிரிச்சுக்குங்க மேடம்.

— ஒண்ணு, வாட்ச்மேன். ரெண்டு, லைப்ரரி அம்மா. மூணு, நம்ம டிரைவர். நாலு...

— யாரு மேடம்?

— நீங்க.

— நானா? நல்லாப் பாருங்க. நான் ஆறா இருப்பேன். இல்ல, ஏழா இருப்பேன். வெளிறினதுல ஒண்ணாத்தான் இருப்பேன்.

— பேருக்கு நேரா போட்டிருக்கிற உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? இதோ, நீங்க நிரப்பின படிவமும் இருக்கு. தேதி, போன மாசம் ஒன்பது. காய்ச்சல், இல்லை. மருந்து, இல்லை. கடந்த ஒரு மாதத்தில் குடும்பத்தில் மரணம், இல்லை. அண்ணே, எட்டாம் தேதி நீங்க லீவு. ஒரே ஒரு நாள். வீட்டில் வேலைன்னு எழுதியிருந்தீங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

— ஆமா மேடம்.

— என்ன வேலை?

— அவளை அடக்கம் பண்ணினோம்.

— யாரை?

— உங்க அண்ணியை.

— கடவுளே. இப்பக் கேட்டேனே! வலி இல்லைன்னீங்களே!

— இல்லையே மேடம்.

— உட்காருங்க. முதல்ல உட்காருங்க. மறுநாளே வந்து ரத்தம் கொடுத்தீங்களா? எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம?

— அன்னைக்கு என் முறை. வீட்டுல இருந்தா சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். இங்க வந்தா பாலாவது கலக்கலாம்னு வந்தேன். ஊசி போட்ட பொண்ணு வலிக்குதா சார்னு கேட்டுச்சு. போட்டாச்சான்னு நான் கேட்டேன்.

— அப்புறம் ஏன் இல்லைன்னு டிக் போட்டீங்க?

— பொய் சொல்லணும்னு போடல மேடம். மரணம்னு படிச்சேன். பேனா அங்கயே நின்னுச்சு. உள்ள தேடித் தேடிப் பார்த்தேன், ஒண்ணும் கிடைக்கல. பால்ல ஊறப் போட்ட மாதிரி, எது வந்தாலும் என் மேல ஒட்டாமப் போகுது. ஒண்ணுமே தோணாதவன் ஆமான்னு எப்படிப் போடறது?

— அதுக்கும் இந்தக் கவருக்கும் என்ன? கத்தரிக்கோலைப் பிடிச்சு இழுத்தீங்களே.

— வெளிறின ஏழுல என்னோடது ஒண்ணுன்னுதான் நெனச்சேன். எதுன்னு தெரியாத வரைக்கும் பரவாயில்ல. இதுதான் உன் கோடுன்னு நீங்க கையை வெச்சுக் காட்டிட்டா, பொண்ணு சொன்னது நிஜம்னு ஆயிடும். இருபத்தாறு வருஷம் அவ கையால சாப்பிட்டவன், அவ போன மறுநாள், வாட்ச்மேன் மாதிரி, டிரைவர் மாதிரி, சாதாரணமா இருக்கான்னு ஆயிடும். அதைப் பார்க்கிறதுக்கு ஸ்டோர்ல குடுவை துடைக்கிறது தேவலைன்னு தோணுச்சு.

— நீங்க எதையும் மாத்தல அண்ணே. நாலாம் நம்பரை மட்டும் விலக்கிடறேன், காரணத்தை எழுதி. மத்த ஏழு பேரு போதும். உலைக்காரங்க ரிப்போர்ட்டும் தப்பிச்சுது.

— அதுக்கென்ன மேடம், செய்யுங்க.

— ஆனா ஒண்ணு, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இந்த ஆன்டிபாடிக்குத் துக்கம்னா என்னன்னு தெரியாது. காய்ச்சல் இருந்தாலும் இந்தக் கோடு வரும், வேற எதுக்காகவும் வரும். செல்லுக்குள்ள தாங்க முடியாம ஏதோ நடந்திருக்கு. அவ்வளவுதான் இது சொல்லும்.

— எனக்குக் காய்ச்சல் இல்ல மேடம்.

— தெரியும்.

— தாங்க முடியாமன்னா சொல்லுது?

— ஆமா.

— உலையில நிக்கிறவனைவிட?

— அவனைவிட.

— நேத்து நீங்க தனியாப் போட்டதா சொன்னீங்களே, அந்த ஃபிலிம் இருக்கா?

— டிராயர்ல இருக்கு. கணக்குல வராதது. எதுக்கு?

— எனக்குக் கொடுங்க மேடம். நாலாவது கோட்டுல ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுங்க. சாயங்காலம் ஹாஸ்டல் வாசல்ல போய் நிக்கிறேன். போனை எடுக்கலைன்னாலும் வாசலுக்கு வந்துதானே ஆகணும்.

— கொடுக்கிறேன். ஆனா அவ கணக்குப் படிக்கிற பொண்ணு. ஒரு கருப்புக் கோட்டைக் காட்டி அப்பா அழுதேன்னு சொன்னா, நம்புவாளா?

— எனக்கே இப்பத்தானே மேடம் தெரியுது.