குழந்தை மாதிரித் தூங்கினீங்க

டீக்கு நன்றி. பால் வேண்டாம் என்றதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சுகாதாரத் துறை அலுவலகப் பால்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். என்மேல் இதுவரை ஒரு புகார்கூடக் கிடையாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கிளினிக்கில் நான் எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன். காலையில் வந்து மதியமே வீட்டுக்குப் போய்விடுகிற நோயாளிகள். டாக்டர் மேல்வழியாகவோ கீழ்வழியாகவோ குழாயை விட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று திரையில் பார்ப்பார். குழாயைக் கழுவுவது, காயவைப்பது, எடுத்துக் கொடுப்பது, ஊசி மருந்தை சிரிஞ்சில் ஏற்றி வைப்பது, ஆளை இடப்பக்கம் சாய்த்து முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொள்வது எல்லாம் நான். கழுவுவதில் என்னைக் குறை சொல்ல முடியாது. என் குழாயில் ஒரு கிருமி உயிரோடு இருந்ததில்லை. தொழில் விஷயத்தில் நான் மனசாட்சி உள்ளவன்.

டாக்டர் நல்ல மனிதர். அவர் விருது வாங்குகிற படம் ஒன்று வரவேற்பறையில் இருக்கிறது. விருது கொடுத்த சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். படத்துக்கு மேலே பெரிய பலகை: ‘வலியே இல்லாத பரிசோதனை’. குழாய் உள்ளே போய்விட்டால் அவர் திரையைத் தவிர எதையும் பார்க்கமாட்டார். குடலை அத்தனை பிரியமாகப் பார்ப்பார். குடலுக்குச் சொந்தக்காரர் பக்கம் திரும்பமாட்டார். ரேடியோ பாடும், அவரும் கூடப் பாடுவார். “குடுத்தாச்சா?” என்பார். “குடுத்தாச்சு சார்” என்பேன். என்ன கொடுத்தோம் என்று கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் இதுதான்.

மயக்க ஊசி என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு ஊசி. ஒன்று வலிக்கு, மற்றது மறதிக்கு. ஆள் முழுதாகத் தூங்குவதில்லை. திரும்பச் சொன்னால் திரும்புவார், கேட்டால் பதில் சொல்வார். எழுந்த பிறகு எதுவும் நினைவிருக்காது.

ஒருநாள் காலை வலி மருந்தை ஏற்ற மறந்துவிட்டேன். சிரிஞ்சில் வெறும் உப்புத்தண்ணீர். படுத்திருந்தவர் ஒரு கல்லூரி முதல்வர். வந்ததிலிருந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் கொடுக்கிற அங்கி பின்பக்கம் முழுக்கத் திறந்தது. அதைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தின் நடுவில் நின்று, “நான் யாருன்னு தெரியுமா?” என்று கேட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஓரளவு தெரிந்துவிட்டிருந்தது.

குழாய் முதல் வளைவைத் தாண்டியதும் “அம்மா” என்றார். அப்புறம், “விட்டுருங்க, இனிமே பண்ண மாட்டேன்” என்றார். என்ன பண்ணமாட்டார் என்பதைச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு “அண்ணா, அண்ணா” என்று கெஞ்சினார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். டாக்டர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து முதல்வர் எழுந்து உட்கார்ந்து, “என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கலியா?” என்றார்.

“முடிஞ்சிருச்சு சார். குழந்தை மாதிரித் தூங்கினீங்க.”

“ஒண்ணுமே தெரியலப்பா. டாக்டர் கைராசிக்காரர்தான்.”

மறுவாரமே மாமனாரையும் அனுப்பிவைத்தார்.

நான் யோசித்தேன். அந்த வலி எங்கே போனது? பட்டவருக்குத் தெரியாது. டாக்டர் காதில் விழுந்ததெல்லாம் பாட்டு. மிச்சம், சிரிஞ்சில் மருந்து இல்லை என்று தெரிந்த சாட்சி நான் ஒருவன்தான், எனக்கோ வலிக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வலி. அதை வலி என்று சொல்வதே அதிகப்படி என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே ஏற்றாமல் விட்டேன். மருந்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். விற்றிருந்தால் உங்களுக்கு என்னைச் சுலபமாகப் புரிந்திருக்கும். அந்தப் புத்தி எனக்கு இல்லை.

ஆரம்பத்தில் அங்கி போட்ட பிறகும் அதட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்தார். வலி என்பது மனதின் கற்பனை என்று மேடை மேடையாகச் சொல்கிறவர். முதல் வளைவிலேயே கற்பனை வளம் பெருகிவிட்டது. கடிகாரத்தைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்த, வீடு கட்டி விற்பவர் ஒருவர், அதை எடுத்துக்கொண்டு தன்னை விட்டுவிடும்படி என்னிடம் சொன்னார். நான் தொடவில்லை. எல்லோரும் சமம் என்று பேசக் கேட்டிருக்கிறேன். என் மேசையில்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் ரொம்பப் பணிவாக வருகிறவர்கள். அளவுக்கு மீறிய பணிவும் திமிரில்தான் சேர்த்தி என்று தோன்றியது. அப்புறம் நிறையக் கேள்வி கேட்பவர்கள். அப்புறம் எதுவுமே கேட்காதவர்கள். கடைசியில், இப்படி ஆள் பார்த்துச் செய்வது நியாயமில்லை என்று உறுத்த ஆரம்பித்தது. எனக்குப் பாரபட்சம் பிடிக்காது. எல்லோருக்கும் ஒன்றுபோலவே செய்தேன்.

எங்கள் நர்ஸ் பயந்த சுபாவம். அவர்தான் ஊசியைப் போடுவார். “என்னண்ணே, இப்படிக் கத்தறாங்க?” என்று முதலில் கேட்டார். “உடம்புதான் கத்துது சிஸ்டர், ஆள் தூங்குறார்” என்றேன். நம்பினார். என் அனுபவத்தின்மேல் அவருக்கு மரியாதை.

அந்த நம்பிக்கையில்தான் தன் அம்மாவையும் அழைத்துவந்தார். அந்தம்மா தையல் வேலை செய்கிறவர். தள்ளுவண்டி இடித்தால் தள்ளுவண்டியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். “உங்களுக்கெல்லாம் என்னால சிரமம்” என்று சொல்லிக்கொண்டே படுத்தார். சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது டாக்டரின் விதி. மகள் வெளியே கதவருகில் நின்றார், வேறொரு நர்ஸ் ஊசி போட்டார்.

பாதியில் அந்தம்மா என் கையைப் பிடித்தார். “தம்பி, வலிக்குதுப்பா. டாக்டர்கிட்ட சொல்லுப்பா. அவருக்குத் தெரியல போல.”

“சொல்லிட்டேம்மா” என்றேன்.

“நன்றிப்பா” என்றார்.

குழாய் உள்ளே இருக்கும்போதே எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

சில நாள் கழித்து, கைகழுவுகிற இடத்தில் நர்ஸ் கேட்டார். “அண்ணே, எங்கம்மாவுக்கு வலி ஊசியில மருந்து இருந்துச்சா?”

கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இல்லை என்று சொல்லி, ஏன் என்பதையும் இப்போது உங்களுக்குச் சொன்னதுபோலவே நிதானமாக விளக்கினேன். அவர் சோப்புப் போட்ட கையை அலசாமல் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா இப்பல்லாம் யாரையும் கையப் புடிக்க விடறதில்லண்ணே. ரோடு தாண்டும்போது நான் புடிச்சாக்கூட உதறிடறாங்க. ஏம்மான்னா, அவங்களுக்கே தெரியல.”

“வயசாகுதில்ல” என்றேன்.

“இருக்கும்ணே.”

அவர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வார்? அந்தம்மாவே டாக்டருக்கு நன்றியாக ஒரு மேசைவிரிப்புத் தைத்து அனுப்பியிருந்தார். ஆனால் மறுநாளிலிருந்து மருந்து ஏற்றுகிற வேலையை நர்ஸ் எடுத்துக்கொண்டார். “நீங்க உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்.” அதோடு அறையில் சத்தம் நின்றுபோனது. டாக்டருக்கே அது என்னவோ போலிருந்தது. ரேடியோவைக் குறைத்துவிட்டு, “என்னய்யா, எல்லாரும் இவ்ளோ அமைதியா இருக்காங்க, ஏதாவது தப்பாயிடுச்சா?” என்று கேட்டார்.

இனி பால் இல்லாத டீ விஷயம். கொஞ்ச நாளாக எனக்கு இரத்தம் போகிறது. குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். “நம்ம எடத்துலயே பாத்துருவோம், உனக்கு ஓசி” என்றார் டாக்டர். நாளைக் காலை. இன்று முழுக்கத் தெளிந்த திரவம்தான் குடிக்கலாம்.

நேற்று நர்ஸிடம், “நாளன்னிக்கு மருந்து நீங்கதானே ஏத்துவீங்க?” என்று சும்மா கேட்டேன். அவர் சிரித்தார். இத்தனை நாளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“ஏண்ணே பயப்படறீங்க? குழந்தை மாதிரித் தூங்குவீங்க.”

வேறு கிளினிக்குக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஊரில் மற்ற கிளினிக்குகளில் இருக்கிற டெக்னீஷியன்கள் எல்லோரும் என்னிடம் தொழில் பழகிப் போனவர்கள்.

உங்களிடம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் பேச்சை டாக்டர் தட்டமாட்டார். நீங்கள் எழுதிய நன்றிக் கடிதம் இன்னும் அந்தப் பலகைக்குக் கீழே கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. ஆமாம், உங்களுக்கும்தான். நீங்கள் கத்தவில்லை. உங்கள் பதவியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். “இணை இயக்குநர், இணை இயக்குநர்” என்று. குழாய் இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும், “இணை இயக்குநர், பொறுப்பு” என்று திருத்திக்கொண்டீர்கள். அவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. பேனாவைக் கீழே வைக்க வேண்டாம். உங்களுக்குத்தான் எதுவும் நினைவில்லையே.

என் வேண்டுகோள் சின்னது. நாளைக் காலை உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள். மருந்து சிரிஞ்சில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எனக்கு மட்டுமாவது இரண்டு ஊசியும் போடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் என்னை எங்கே கூட்டிப்போனாலும் வருகிறேன்.

எழுந்த பிறகு எனக்கு எதுவும் நினைவிருக்காது என்பது தெரியும். எத்தனையோ பேரை அதை வைத்துத்தானே அனுப்பியிருக்கிறேன். இருந்தாலும் ஐயா, குழாய் உள்ளே இருக்கிற அந்தக் கொஞ்ச நேரமும் அங்கே படுத்திருக்கப்போவது நான்தானே.